நின்றுபோன ஸ்பேங்கிள்ஸ் மிட்டாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீசியசில், ரோஸ் ஹில்லில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்குச் சென்ற ஆண்டு வெள்ளையடித்தோம். அலமாரிகளைக் காலி செய்தபோது பாட்டியின் பழைய பஞ்சாங்கம் ஒன்றின் நடுவே மிட்டாய் சுற்றும் கண்ணாடித்தாள் ஒன்று கிடைத்தது. அது ஸ்பேங்கிள்ஸ் தாள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டுப் பிள்ளைகள், மாலைத் தமிழ் வகுப்புக் குழந்தைகள், இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வரும் மருமகள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில் சொல்லி அலுத்துவிட்டது. இனிக் கேட்பவர் கையில் இதைக் கொடுத்துவிட்டு நான் தேநீர் குடிக்கப் போகிறேன்.

ஸ்பேங்கிள்ஸ் என்பது என்ன?

இங்கிலாந்தில் மார்ஸ் நிறுவனம் 1950 முதல் 1984 வரை தயாரித்த பழச்சுவை மிட்டாய். மார்ஸ் சாக்லேட் கட்டியைச் செய்யும் அதே மார்ஸ்தான். அமெரிக்கரான ஃபாரஸ்ட் மார்ஸ் 1932இல் லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் நகரில் தொடங்கிய தொழிற்சாலை அது.

சீனிப்பாகை நன்றாக முற்றவிட்டு அச்சில் அழுத்திச் செய்யும் கெட்டி மிட்டாய். கடித்தால் பல்லுக்குக் கேடு, ஊறவிட்டால் நாக்குக்குச் சுகம். முனை மழுங்கிய சதுரம். இரண்டு பக்கமும் நடுவில் வட்டமாக ஒரு குழி. அந்தக் குழியில் நாக்கு நுனியை வைத்துக்கொண்டு, குழி தேய்ந்து துளையாகும்வரை கடிக்காமல் யார் பொறுத்திருப்பது என்று போட்டி போடுவோம். நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

ஸ்பேங்கிள் என்றால் ஜிகினா. புடவைக் கரையிலும் காவடியிலும் தைக்கிறோமே, அந்த மினுமினுப்பு. மிட்டாயைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவிச் சுவரில் சிவப்பாகவோ பச்சையாகவோ விழும். பொருத்தமான பெயர்தான்.

எங்கள் தீவின் கிரியோல் மொழியில் மிட்டாயைப் ‘பொன்பொன்’ என்போம். பிரெஞ்சிலிருந்து வந்த சொல். சிறுவயதில் அதைத் தமிழ் என்றே நினைத்திருந்தேன்: தங்கத்தை இரண்டு முறை சொன்னால் மிட்டாய். இன்றும் அதைத் தப்பென்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

என்னென்ன சுவைகள் இருந்தன?

சாதாரணப் பொட்டலத்தில் ஸ்ட்ராபெரி, பிளாக்கரன்ட், ஆரஞ்சு, அன்னாசி, எலுமிச்சை, பச்சை எலுமிச்சை. இவற்றில் அன்னாசியைத் தீவுப் பிள்ளைகள் மதித்ததே இல்லை. கடற்கரையில் உப்பும் மிளகாயும் புளியும் தடவிய நிஜ அன்னாசி கிடைக்கும்போது இங்கிலாந்து அன்னாசிக்கு என்ன மரியாதை இருக்கும்? பிளாக்கரன்ட் பழத்தை எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. நாவல் பழத்தைத்தான் வெள்ளைக்காரர் அப்படிச் சொல்கிறார்கள் என்று அண்ணன் அடித்துச் சொன்னான். நாவலுக்கு இங்கே ஜாம்ப்லோன் என்று பெயர். நாக்கு நீலமாவது பொது என்பதால் நாங்களும் நம்பினோம்.

பெப்பர்மின்ட், ஸ்பியர்மின்ட், டேஞ்சரின், பார்லி சுகர் என்று ஒரே சுவை கொண்ட பொட்டலங்களும் அவ்வப்போது வந்தன.

‘ஓல்டு இங்கிலீஷ்’ என்று இன்னொரு வகை உண்டு. அதிமதுரம், புதினா, இருமல் மிட்டாய், பட்டர்ஸ்காட்ச், பேரிக்காய் என அந்தக்கால ஆங்கிலேயக் கிழவர்கள் விரும்பிய சுவைகள். அதில் ஒன்று கடுகு அரைத்த நிறத்தில் இருக்கும், ஒன்று வரிவரியாக இருக்கும். சுற்றியிருக்கும் தாளும் கோடு போட்டது. சாதாரண வகையிலிருந்து பிரித்தறிய அதுவே அடையாளம். இருமல் மருந்தை எவனாவது காசு கொடுத்து வாங்கிச் சப்புவானா என்று நாங்கள் அதைத் தொடவே இல்லை. ஆனாலும் வீட்டு மிட்டாய் டப்பாவில் அந்தப் பொட்டலம் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போயிற்று. சித்தப்பாதான் தின்கிறார் என்று வீடே முடிவு கட்டியது. அவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. யாரும் கேட்கவில்லை.

வந்த வேகத்தில் எப்படி அவ்வளவு பெயர் வாங்கியது?

ருசி ஒரு காரணம். பங்கீட்டுப் புத்தகம் அதைவிடப் பெரிய காரணம்.

சீனியில் பெரும்பகுதி இங்கிலாந்துக்குக் கப்பலில் வரவேண்டிய பொருள். இரண்டாம் உலகப்போரில் அந்தக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வேட்டையாடின. 1940 ஜனவரியில் சீனி பங்கீட்டுக்குள் வந்தது. 1942 ஜூலை 26 முதல் மிட்டாயும் சாக்லேட்டும் சேர்ந்துகொண்டன. கடையில் காசை மட்டும் நீட்டினால் போதாது. புத்தகத்திலுள்ள புள்ளிகளையும் கொடுக்கவேண்டும். போர் முடிந்தது, பங்கீடு முடியவில்லை. 1949 ஏப்ரலில் மிட்டாய்க்கு விலக்கு அளித்துப் பார்த்தார்கள். ஏழு ஆண்டுகளாக நாக்கைக் கட்டியிருந்த ஜனம் கடைகளைத் துடைத்து எடுத்துவிட்டது. நான்கே மாதத்தில், ஆகஸ்டில், பங்கீடு திரும்பி வந்தது. கையில் கொடுத்துப் பிடுங்கியதுபோல.

அந்த வயிற்றெரிச்சல் ஆறாத நேரத்தில், 1950இல், ஸ்பேங்கிள்ஸ் கடைக்கு வந்தது. மற்ற மிட்டாய்களுக்கும் சாக்லேட்டுக்கும் இரண்டு புள்ளி கொடுக்கவேண்டும். இதற்கு ஒரு புள்ளி போதும். காசைப் புரட்டிவிடலாம், புள்ளியை எங்கே போய்ப் புரட்டுவது? அதே புள்ளிக்கு இரண்டு மடங்கு மிட்டாய் கிடைக்குமானால் எந்தப் பிள்ளை வேறு பொட்டலத்தைக் கைகாட்டும்? ரேஷன் கடை வரிசையில் ஒருமுறையாவது நின்றவருக்கு இந்தக் கணக்கை விளக்கவேண்டியதில்லை.

1953 பிப்ரவரி 5ஆம் தேதி மிட்டாய்ப் பங்கீடு ஒருவழியாக ஒழிந்தது. சீனிக்கு அந்த ஆண்டு செப்டம்பர்வரை காத்திருந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. அதே போர்க்காலத்தில் மொரீசியசில் சீனிக்குப் பஞ்சம் இல்லை, சோற்றுக்குத்தான் பஞ்சம். எங்களுக்கு அரிசி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அது நின்றது. கரும்பு நிலத்தில் ஒரு பங்கைப் பிரித்து மரவள்ளியும் மக்காச்சோளமும் போடச் சொன்னது அரசாங்கம். அங்கே சோறு இருந்து சர்க்கரை இல்லை என்பார் தாத்தா. இங்கே சர்க்கரை இருந்து சோறு இல்லை. ஆங்கிலேயர் சோறு தின்பதில்லை என்று நாங்கள் திருத்தினால் அடிக்க வருவார்.

கௌபாய் ஒருவர் விளம்பரம் செய்தாராமே?

ஆம். ஹாப்பலாங் கேசிடி என்னும் கௌபாய் பாத்திரத்தில் நடித்துப் புகழ்பெற்ற அமெரிக்க நடிகர் வில்லியம் பாய்டு. குடிக்காத, கெட்ட வார்த்தை பேசாத, பெரியோர் மெச்சும் கௌபாய். தாய்மார்கள் மறுக்கமுடியாத ஆளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

மொரீசியசில் உள்ள உங்கள் வீட்டுக்கு அது எப்படி வந்தது?

அத்தை வழியாக. 1960களிலும் 70களிலும் இங்கிலாந்து மருத்துவமனைகளுக்குத் தாதியர் போதவில்லை. 1968 மார்ச் 12இல் சுதந்திரம் பெற்ற எங்கள் தீவில் படித்தவருக்கு வேலை போதவில்லை. ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியது. தாதிப் பயிற்சிக்கென்று எத்தனையோ மொரீசியஸ் இளைஞர்களும் பெண்களும் விமானம் ஏறினார்கள். அத்தை 1971இல் போனார். அத்தை என்று எழுதுகிறேனே தவிர, வீட்டில் கிரியோல் வழக்கப்படி ‘தாந்தின்’ என்றுதான் கூப்பிடுவோம்.

முதல் விடுமுறைக்கு அவர் வந்தது 1974 டிசம்பரில். பிளேசான்ஸ் விமான நிலையத்தில் குடும்பமே வேன் வைத்துக்கொண்டு போய் நின்றது. பெட்டியைத் திறந்தால் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே இருபது பொட்டலம் ஸ்பேங்கிள்ஸ். டிசம்பர் வெயிலில் கம்பளிச் சட்டையை யார் சீந்துவார்? மிட்டாயைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாட்டி நான்கே எட்டில் பிடித்துவிட்டாள். அத்தனையையும் பிரித்துப் பெரிய பிஸ்கட் டப்பாவில் கொட்டி, சாமி அறை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ‘ஓல்டு இங்கிலீஷ்’ மட்டும் மேலே பொட்டலத்தோடு கிடந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்று தீர்ப்பு. இங்கிலாந்தில் ஒழிந்து இருபத்தோராண்டான மிட்டாய்ப் பங்கீட்டை ரோஸ் ஹில்லில் பாட்டி மறுபடி அமல்படுத்தினாள்.

வேடிக்கை அத்தை திரும்பிப் போகும்போதுதான். 1974 உலகச் சீனிச் சந்தைக்குப் பித்துப் பிடித்த ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பவுண்டு எடைக்குப் பத்து அமெரிக்க சென்ட்டுக்கும் குறைவாக விற்ற கச்சாச் சீனி, அந்த நவம்பரில் அறுபது சென்ட்டைத் தாண்டியது. இங்கிலாந்துக் கடைகளில் சீனிக்குத் தட்டுப்பாடு. கிடைத்தவர் அள்ளி ஒளித்தார்கள், கிடைக்காதவர் வரிசையில் நின்றார்கள். ஊறுகாய் வேண்டுமா, மிளகாய்த்தூள் வேண்டுமா என்று அம்மா கேட்டதற்கு, “அண்ணி, சீனி இருந்தால் கொடுங்கள்” என்றார் அத்தை. கூடத்தில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு அப்பா தாளில் நன்றாகச் சுற்றிப் பொட்டலம் கட்டினார். வாழ்நாள் முழுவதும் கரும்புத் தோட்டத்தில் உழைத்த தாத்தா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “இத்தனை காலம் கப்பலில் அனுப்பினோம், இப்போது விமானத்திலுமா?” என்றார்.

தைப்பூசக் காவடி முடிந்து அத்தை விமானம் ஏறினார். சில நாட்களில், 1975 பிப்ரவரி 6ஆம் தேதி, ஜெர்வேஸ் புயல் தீவின் மேல் ஏறிப் போயிற்று. சமையலறைக் கூரைத் தகடு பறந்தது. மின்சாரம் வர வாரக்கணக்காயிற்று. பிஸ்கட் டப்பா தப்பித்தது. அன்றிரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாட்டி முதல்முறையாக ஆளுக்கு இரண்டு கொடுத்தாள்.

அந்த மிட்டாயில் இருந்தது நம் தீவின் சீனிதானா?

இதை அதிகம் கேட்பவர்கள் தமிழ் வகுப்புக் குழந்தைகள். ஆம் என்று சொல்லவேண்டும் என்று முகத்தைப் பார்த்தபடியே நிற்பார்கள்.

நம் சீனியில் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போனது என்பது உண்மை. 1951இல் கையெழுத்தான காமன்வெல்த் சர்க்கரை ஒப்பந்தம் மொரீசியஸ், ஃபிஜி, கரீபியத் தீவுகள், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிடமிருந்து இவ்வளவு சீனியை இன்ன விலைக்கு வாங்குவோம் என்று உறுதி கொடுத்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனியிலிருந்துதான் வந்தது. பழுப்பு நிறக் கச்சாச் சீனியாக, சாக்கு மூட்டையில், போர்ட் லூயி துறைமுகத் தொழிலாளிகளின் முதுகேறிக் கப்பலுக்குப் போகும். அங்கே ஆலைகளில் சுத்தம் செய்து வெள்ளையாக்குவார்கள்.

அப்படி வெள்ளையாக்கும்போது எல்லா ஊர்ச் சீனியும் ஒன்றாகிவிடும். இங்கிலாந்தில் பீட்ரூட் இனக் கிழங்கிலிருந்து எடுக்கும் சீனியும் அதே சந்தையில்தான் விற்றது. சுத்தமான வெள்ளைச் சீனிக்கு ஊர் கிடையாது, சாதி கிடையாது. ஆகவே இந்த மிட்டாயில் இருப்பது நம் தாத்தா வெட்டிய கரும்பு என்று எந்தப் பொட்டலத்தையும் காட்டிச் சொல்லமுடியாது. நம் கரும்பு அந்தக் குளத்தில் கலந்திருந்தது என்று சொல்லலாம். குழந்தைகளுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. கச்சாச் சீனியாகப் போனது, ஜிகினாவாக வந்தது. நடுவில் கூடிய விலை அங்கேயே தங்கிவிட்டது.

மிட்டாய்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன? தாள் எதற்கு?

கல்கண்டையும் கெட்டி மிட்டாயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சீனிதான். பாகை மெல்ல ஆறவிட்டால் சீனி தன் வழக்கமான ஒழுங்கில் அடுக்கிக்கொண்டு கல்கண்டாகிறது. 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி, நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மட்டும் தண்ணீர் மிஞ்சும்படி வற்றவிட்டுச் சட்டென்று ஆற்றினால், அடுக்கிக்கொள்ள அவகாசம் இல்லாமல் கலைந்தபடியே உறைந்துவிடுகிறது. அது ஒருவகைக் கண்ணாடி. ஸ்பேங்கிள்ஸில் வெளிச்சம் ஊடுருவியது அதனால்தான். பாகு மணல்போல் பூத்துவிடாமல் இருக்க குளுக்கோஸ் பாகு சேர்ப்பார்கள். ஜாமூன் பாகில் நம் வீடுகளில் நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவதும் இதற்குத்தான்: புளிப்பு பட்டால் சீனியில் ஒரு பங்கு குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்து, மிச்சச் சீனி கட்டிக்கொள்ளாமல் தடுக்கும்.

இந்தக் கண்ணாடிக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், மேற்பரப்பு பிசுபிசுக்கும், பக்கத்திலிருப்பதைக் கட்டிப்பிடிக்கும், நாளானால் வெள்ளையாகப் பூக்கும். ஸ்பேங்கிள்ஸ் முதலில் தாளில்லாமல்தான் பொட்டலத்துக்குள் அடுக்கப்பட்டது. பிறகு மெழுகுத்தாள் வந்தது, அதன்பிறகு கண்ணாடித்தாள். குளிர்நாட்டுக்கே தாள் தேவைப்பட்டதென்றால், பாதி ஆண்டு மழையும் புழுக்கமுமான எங்கள் தீவைச் சொல்லவேண்டாம். தாள் சுற்றியிருந்தும், புயலுக்குப் பிந்திய ஈரத்தில் டப்பாவின் அடி வரிசை ஒரே பாறையாகிவிட்டது. அண்ணன் அம்மிக்குழவியால் உடைத்தான். அந்தத் துண்டுகளில் எது எலுமிச்சை, எது ஸ்ட்ராபெரி என்று யாருக்கும் தெரியவில்லை. என் நினைவில் ஸ்பேங்கிள்ஸின் சுவை அதுதான், கூடவே கொஞ்சம் அம்மி வாசனை.

காவடி விரதத்தில் தின்னலாமா?

பத்து நாள் விரதத்தில் மீன் முட்டை இறைச்சி கிடையாது. கெட்டி மிட்டாய்க்குச் சீனி, குளுக்கோஸ் பாகு, புளிப்பு, மணம், நிறம் போதும். ஜெலட்டின் என்னும் விலங்குப் பொருள் வழக்கமாக மெல்லும் வகைகளில்தான் சேரும். பாட்டிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை. “காய்ச்சின சர்க்கரைதானே” என்று பிள்ளைகளுக்கு அனுமதித்தாள். தான் மட்டும் தொடமாட்டாள். வெள்ளைக்காரன் மிட்டாய் பல்லில் ஒட்டும் என்பாள்.

ஏன் நிறுத்தினார்கள்?

பங்கீடு முடிந்ததும் மவுசு போய் நின்றுவிட்டது என்று ஒரு கதை சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பங்கீடு முடிந்தது 1953. ஸ்பேங்கிள்ஸ் நின்றது 1984. புள்ளிச் சலுகை இல்லாமல் முப்பத்தோராண்டு விற்ற பொருளைச் சலுகையால் மட்டுமே வாழ்ந்தது என்று சொல்வது அநியாயம்.

அதற்குப் போட்டி வெளியிலிருந்து மட்டும் வரவில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1960இல் மார்ஸ் ஓபல் ஃபுரூட்ஸ் என்ற மெல்லும் மிட்டாயைக் கொண்டுவந்தது. அதே பழச்சுவைகள், ஆனால் கடித்தவுடன் சாறு. கெட்டி மிட்டாய்க்குப் பொறுமை வேண்டும். அத்தை 1978இல் வந்தபோது இரண்டையும் கொண்டுவந்தார். ஓபல் ஃபுரூட்ஸ் முதல் நாளே தீர்ந்தது. ஸ்பேங்கிள்ஸ் டப்பாவில் கிடந்தது. அதை ஒழித்த கூட்டத்தில் நாங்களும் இருந்தோம் என்றே நினைக்கிறேன்.

மறுபடி வந்தது என்கிறார்களே?

1995இல் கொஞ்ச காலம். வுல்வொர்த்ஸ் கடைகளிலும் வைத்தார்கள். டேஞ்சரின், பச்சை எலுமிச்சை, பிளாக்கரன்ட், ஓல்டு இங்கிலீஷ் என்று நான்கே வகை. ஸ்ட்ராபெரி இல்லாத ஸ்பேங்கிள்ஸ். நீடிக்கவில்லை. அதை விற்ற வுல்வொர்த்ஸே 2009 ஜனவரியில் இங்கிலாந்தில் கடையைக் கட்டியது.

பெயர் மாற்றி இப்போதும் விற்கிறார்களா?

இல்லை. மற்ற மிட்டாய்களோடு குழப்பிக்கொள்கிறார்கள். மாரத்தான் என்ற சாக்லேட் 1990இல் ஸ்நிக்கர்ஸ் ஆனது. ஓபல் ஃபுரூட்ஸ் 1998இல் ஸ்டார்பர்ஸ்ட் ஆனது. அவை புகுந்த வீட்டில் பெயர் மாறிய பெண்கள்போல. ஸ்பேங்கிள்ஸ் அப்படியல்ல, போய்ச் சேர்ந்துவிட்டது.

உடன்பிறப்பு என்று சொல்லத்தக்கது ட்யூன்ஸ். மூக்கடைப்புக்கும் தொண்டைக்குமான மிட்டாய், அதுவும் மார்ஸ் தயாரிப்பு. அதே குழி விழுந்த சதுரம், அதே விதமான பொட்டலம். மூக்கடைத்த பயணி ஒருவர் ரயில் நிலையத்தில் நாட்டிங்காமுக்கு டிக்கெட் கேட்டுத் திணறுவார். ட்யூன்ஸ் வாயில் போட்டதும் ஊர்ப்பெயர் தெளிவாக வரும். அந்த விளம்பரத்தை அத்தை நடித்தே காட்டுவார். பின்னாளில் இங்கிலாந்தில் ட்யூன்ஸும் அந்த வடிவத்தை விட்டுவிட்டது.

கடையில் எங்காவது வாங்கலாமா?

முடியாது. பழைய பொட்டலத்தை யாராவது விற்றால் பார்க்க வாங்குங்கள், தின்ன வாங்காதீர்கள்.

அந்தச் சீனி வியாபாரம் பிறகு என்ன ஆயிற்று?

மிட்டாய்க் கேள்வி இல்லைதான், ஆனால் கேட்காதவர் இல்லை.

இங்கிலாந்து ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்ததால் பழைய ஒப்பந்தம் 1974இல் முடிந்தது. 1975இல், ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளோடு ஐரோப்பா செய்துகொண்ட லோமே உடன்பாட்டின் சர்க்கரை விதிகள் வந்தன. எங்களுக்குக் கிடைத்த பங்கு 4,87,200 டன்; ஒப்பந்த நாடுகளிலேயே மிகப் பெரியது. விலையும் உலகச் சந்தையைவிடப் பெரும்பாலும் மேலே. 1980இல் போர்ட் லூயியில் மொத்தச் சீனி ஏற்றும் முனையம் திறந்தது: மூட்டை போயிற்று, எந்திரப் பட்டையில் சீனி நேரே கப்பலுக்குள் கொட்டியது. மூட்டை தூக்கிய முதுகுகளுக்கு வேலையும் போயிற்று. எங்கள் பெரியப்பா அந்த முதுகுகளில் ஒன்று. முனையத்தைக் கடந்து பஸ் போகும்போது அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

ஐரோப்பா 2006 முதல் 2009க்குள் சீனிக்குக் கொடுத்த விலையை 36 விழுக்காடு குறைத்தது. 2009 செப்டம்பரோடு அந்த விதிகளும் முடிந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இருநூற்றைம்பதுக்கும் மேல் ஆலைகள் இருந்த தீவில் இப்போது அரைப்பவை மூன்று. பாம்பிள்மூஸ் பக்கம் போ பிளான் ஆலை 1999இல் நின்று 2002இல் அருங்காட்சியகமாகிவிட்டது. புகைபோக்கி அப்படியே இருக்கிறது. கடைசியில் வகைவகையாகச் சீனி சுவைக்கக் கொடுப்பார்கள். வெல்லம் மாதிரி இருக்கும் கரிய சீனியை மறக்காமல் கேளுங்கள்.

வீட்டில் செய்ய முடியுமா?

சுவையைச் செய்யலாம். மே முதல் அக்டோபர்வரை உள்ள வறண்ட மாதங்களில் செய்யுங்கள். ஜனவரியில் செய்தால் கோந்து கிடைக்கும்.

சீனி 400 கிராம், குளுக்கோஸ் பாகு 130 கிராம், தண்ணீர் 120 மில்லி. அடி கனத்த பாத்திரத்தில் சீனி கரையும்வரை கிளறுங்கள். கரைந்தபின் கரண்டியை எடுத்துவிடுங்கள். கிளறினால் பூத்துவிடும். பொங்கிப் பொங்கிக் குமிழ் சிறுத்துவரும். கடலை மிட்டாய்க்குப் பாகு பார்ப்பதுபோல ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போடுங்கள்: ‘டங்’ என்று சத்தம் கேட்கவேண்டும், ஒடித்தால் வளையாமல் கண்ணாடிபோல முறியவேண்டும். வெப்பமானி இருந்தால் 150 டிகிரி. நிறம் பொன்னாகத் தொடங்கினால் கை தாமதம்.

இறக்கி, கொதிப்பு அடங்கியபின் சிட்ரிக் அமிலம் ஒரு தேக்கரண்டி, மணம், நிறம். புளிப்பை அடுப்பிலிருக்கும்போதே போட்டால் சீனி அளவுக்குமேல் உடைந்து பிசுபிசுத்துப் போகும். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் எண்ணெய்க் கத்தியால் சதுரமாகக் கோடு போடுங்கள். குழி வேண்டுமென்றால் வட்டமான சிறு அளவுக்கரண்டியின் அடியை எண்ணெயில் தொட்டு அழுத்துங்கள். ஒரு பக்கம்தான் விழும். ஆறியதும் ஒடித்து, தனித்தனித் தாளில் சுற்றி, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். பிள்ளைகளை அடுப்பருகே விடவேண்டாம். இந்தச் சூட்டில் பாகு கையில் பட்டால் தோலோடுதான் வரும்.

பஞ்சாங்கத்தில் கிடைத்த தாளை என்ன செய்தீர்கள்?

மருமகள் கேட்டாள், கொடுக்கவில்லை. எடுத்த பக்கத்திலேயே திரும்ப வைத்திருக்கிறேன். தை மாதப் பக்கம். பூசத்துக்கு நேரே பாட்டியின் பென்சில் வட்டம். நீளவாக்கில் இரண்டாக மடித்த தாள். விரலால் நீவி நீவித் தட்டையாக்கியிருக்கிறாள். மூக்கருகே கொண்டுபோனால் பழைய காகித வாசனைதான் வருகிறது. தாளில் கோடு போட்டிருக்கிறது.

சித்தப்பாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.